தண்ணீர் ஏறினால்தான் பெர்ரி

மலேசியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் தியோமான் தீவுக்குப் போய் வந்தவர்கள், ஜொகூரில் எங்கள் ரெங்கம் பக்கத்தில் காட்டுவது எல்லாம் ஒரே மாதிரிப் படம்தான்: கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம். நான் கூட்டிப்போனது அம்மாவையும் சித்தியையும். இருவருக்கும் நீச்சல் தெரியாது, முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கவும் மாட்டார்கள். ஆகவே இதில் பவளப்பாறை அதிகம் இருக்காது, பெர்ரி நிறைய இருக்கும். தீவின் மேற்குக் கரையில் பெரும்பாலான கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு, இடையே கார்ப் பாதை கிடையாது. ஒன்று காட்டுப்பாதை, இல்லாவிட்டால் கடல். மெர்சிங்கிலிருந்து வரும் பெர்ரி ஒவ்வொரு துறையிலும் நின்று ஆளையும் மூட்டையையும் இறக்கிக்கொண்டே வடக்கே போகிறது. கடைசி ஊர் சாலாங். கரை முழுவதையும் பார்த்துவிடலாம் என்று சாலாங்கிலேயே அறை எடுத்திருந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்: மெர்சிங்

விடியற்காலை ஐந்துக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தேன். நான்கு மணிக்கே அம்மா சேலை கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எழுந்து பால்மரம் வெட்டப் போன காலத்துப் பழக்கம். ரப்பர் போய் செம்பனை வந்து, அம்மா வேலையை விட்டும் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்த நான்கு மணி மட்டும் இன்னும் விடவில்லை.

குளுவாங் தாண்டி, காஹாங் தாண்டி, சாலையோரத்தில் யானைப் படம் போட்ட பலகைகள் வர ஆரம்பித்தன. இளம் செம்பனைக் குருத்து என்றால் யானைக்கு உயிர். தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் எனக்கு, யானை மிதித்த கன்றுகளுக்கு என்று தனியாக ஒரு வரி போட்ட மாதங்களும் உண்டு. வழியில் எதுவும் குறுக்கே வரவில்லை. சித்திக்குத்தான் ஏமாற்றம்.

மெர்சிங்கில் பசியாறினோம். ரொட்டி சானாய் ஒன்று ஒரு வெள்ளி (ரிங்கிட்) எண்பது காசு, ஆற்றிய பால் தேநீர் தே தாரேக் இரண்டு வெள்ளி. பருப்பில் உப்பு தூக்கல். அங்கிருந்து படகுத்துறைக்குப் போனால் முகப்பில் இருந்த பெண், "ஆயர் சூருட் பாங்" என்றார். தண்ணீர் வற்றிவிட்டது. பத்தரைப் படகு இனி ஒன்றரைக்குத்தான்.

மெர்சிங் துறை கடலைப் பார்த்து இல்லை, ஆற்றுக்குள் இருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டிக் கிடப்பதால், வற்று நேரத்தில் பெர்ரியின் அடி தரையில் உரசும். அதனால் நேர அட்டவணையே நாளுக்கு நாள் மாறும். கடல் என்ன சொல்கிறதோ அதுதான் நேரம். எனக்குக் கோபம் வந்தது. சித்தி கைப்பையிலிருந்து நாள்காட்டித் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம அமாவாசைடா தம்பி. தண்ணி இப்படித்தான் இழுக்கும்" என்றார். கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அமாவாசை தெரிந்தால் போதாதா என்றார்.

காத்திருந்த நேரத்தில் மெர்சிங்கை ஒரு சுற்றுச் சுற்றினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மீன்மாவில் செய்த கெரோப்போக் லெகோர் ஐந்து வெள்ளிக்கு ஒரு பொட்டலம், கூடவே காரச் சாறு. அம்மா கருவாட்டுக் கடையில் அரை மணி நேரம் நின்று விலை கேட்டார். ஒன்றும் வாங்கவில்லை, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாமாம்.

ஒன்றேகாலுக்கு அறிவிப்பு வந்தது. பெர்ரிக்குள் ஏறியதும் அம்மா முதலில் தேடியது உயிர்காப்புச் சட்டையை. 2007 அக்டோபரில், ஹரிராயா நாளன்று, தியோமானிலிருந்து வந்த பெர்ரி மெர்சிங்குக்குப் பக்கத்தில் தீப்பிடித்துச் சிலர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து படகு என்றால் அம்மாவுக்கு அதுதான். படகுப் பையன் வந்து சட்டையின் வாரை இழுத்துக் கட்டிவிட்டு, "ஜாங்கான் தாக்குட், மக்சிக்" என்று சிரித்தான். பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா என்ன? உள்ளே ஏர்கண்டிஷன் குளிரில் சித்தி கோடாலித் தைலத்தை எடுத்து நெற்றியில், மூக்கில், காதுக்குப் பின்னால் எல்லாம் தேய்த்தார். பக்கத்து வரிசையில் இருந்த சீன மூதாட்டி ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். அவருக்கும் இரண்டு சொட்டு. பிறகு அந்தப் புட்டி எங்கள் வரிசைக்கு முன்னால் மூன்று வரிசை போய்த் திரும்பி வந்தது.

முகத்துவாரம் தாண்டியதும் படகு வேகம் எடுத்தது. பின்பக்கத் திறந்த தட்டில் நின்றால் டீசல் புகையும் உப்புத் தூறலும் சேர்ந்து அடிக்கிறது. ஆனால் தீவு எழுந்து வருவதைப் பார்க்க அதுதான் இடம். தெற்கு முனையில் இரட்டைக் கொம்பாக இரண்டு பாறைச் சிகரங்கள், நெனெக் செமுக்குட். சீனாவிலிருந்து சிங்கப்பூர் இளவரசனைப் பார்க்கப் பறந்து வந்த நாக இளவரசி, களைப்பாற இங்கே இறங்கி அப்படியே தீவாகிவிட்டாள் என்பது கதை. உள்ளே 1,038 மீட்டர் உயரமான காஜாங் மலை, பாதிக்கு மேல் மேகம்.

முதல் துறை கெந்திங். சித்தி கோயிலில் எல்லாரிடமும் "கெந்திங் வழியா போறோம்" என்று சொல்லி வைத்திருந்தார். அவர்களுக்குக் கெந்திங் என்றால் சூதாட்ட விடுதி இருக்கும் கெந்திங் மலைதான். சூதாட இந்த வயதில் மலையேறுகிறாளே என்று அங்கே பேசிக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. இந்தக் கெந்திங்கில் நீளமான சிமெண்டுத் துறை, தென்னை, பின்னால் செங்குத்தாகக் காடு. இரண்டு அட்டை முட்டைகளை மடியில் வைத்து வந்த ஒரு பெண்ணை, முட்டை முதலில், ஆள் பிறகு என்று பத்திரமாக இறக்கினார்கள்.

அடுத்தது பாயா. அங்கே பெரிய கூட்டம் இறங்கியது. பைகளைப் படகுப் பையன்கள் கைமாற்றி கைமாற்றித் துறையில் வீசினார்கள். அதற்குப் பிறகு தெக்கெக், ஆயர் பாத்தாங். ஒவ்வொரு துறையிலும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். காடு தண்ணீர் வரைக்கும் இறங்கி நிற்கிறது. இடையிடையே கறுத்த உருண்டைப் பாறைகள். கடலின் நிறம் துறைக்குத் துறை மாறுகிறது. அம்மா அறைக்குள் உட்காரவே மறுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்தட்டிலேயே நின்றார்.

நாலேகாலுக்குச் சாலாங். எல்லாரும் இறங்கியாயிற்று, சித்தியின் நீலப் பை மட்டும் இல்லை. அதில்தான் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை, புளிச்சோறு, எலுமிச்சை ஊறுகாய், மூன்று பேருக்கும் மாற்றுத் துணி. பாயாவில் கூட்டத்தோடு கூட்டமாக இறக்கிவிட்டிருக்கிறார்கள். படகுப் பையன் தலையைச் சொறிந்தான், போனில் யாரையோ பிடித்தான், மலாயில் வேகமாகப் பேசினான். "அடா, அடா. எசோக்." இருக்கிறது, நாளைக்கு வரும். நல்ல வேளையாக அன்றைய மாத்திரையை அம்மா காலையிலேயே போட்டிருந்தார். இரவுக்கு மூவரும் உப்பு ஊறிய அதே துணியோடு படுத்தோம். ரெங்கத்தில் இதுவே நடந்திருந்தால் சித்தி தெருவையே கூட்டியிருப்பார். இங்கே கத்துவதற்கு ஆள் இல்லை, பெர்ரி போய்விட்டது.

ஏப்ரல் 25, வெள்ளி: சாலாங்

அம்மா வழக்கம்போல நான்கு மணிக்கு எழுந்து துறைக்குப் போய்விட்டார். நான் ஆறரைக்குத் தேடிப்போனபோது தூண்டில் போடும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவரோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரும் பேசிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. வாளியில் இரண்டு மீன். துறையின் கீழே கறுத்த துடுப்புமுனையோடு முழ நீளச் சுறாக்குட்டி ஒன்று மேலோட்டமாகத் திரும்பிப் போனது. பெரியவர் கையைக் காட்டி, "பேபி" என்றார். அம்மா தலையாட்டினார்.

சாலாங் சின்ன ஊர். வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள், முக்குளிப்புக் கடைகள், பின்னால் ஒரு ஓடை. ஓடையில் உடும்புகள். எங்கள் தோட்டத்து வாய்க்காலில் ஓடும் சின்ன உருப்படி இல்லை, ஆள் நீளம் இருக்கும். பாலத்தின் கீழே ஒன்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஏப்பம் விட்டது. சித்தி, "இத நம்ம ஊர்ல விட்டிருந்தா இந்நேரம் சட்டியில இருக்கும்" என்றார். அடுத்த நொடியே வெள்ளிக்கிழமை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை என்றால் இருவரும் சைவம். தீவில் அதுதான் பெரும்பாடு. காய்கறி நாசி கோரேங் (வறுத்த சோறு) என்று தெளிவாகச் சொன்னேன். இக்கான் பிலிஸ் (நெத்திலி) வேண்டாம், முட்டை வேண்டாம், கோழி வேண்டாம். சமையல்காரப் பெண் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். தட்டு வந்தது, பன்னிரண்டு வெள்ளி. முதல் வாயிலேயே அம்மா முகம் கோணினார். பிளாச்சான், புளிக்க வைத்த இறால் விழுது. அதை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை போலும். அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், வேறு சட்டியில் பூண்டும் கீரையும் போட்டு வெள்ளைச் சோறு கொண்டுவந்தார். இரண்டாவதற்குக் காசு வாங்கவில்லை. தண்ணீர் போத்தல் மட்டும் மூன்று வெள்ளி, அதில் சலுகை கிடையாது.

மாத்திரை இல்லாமல் எனக்குப் படபடப்பு. அங்கே முக்குளிப்பு வழிகாட்டியாக இருந்த ஒரு தமிழ்ப் பையன்தான் கைகொடுத்தான். பெக்கோக் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. "பயப்படாதீங்கண்ணே, இங்க ஒரு சாமானும் காணாம போவாது. போற எடமே இல்லையே" என்றான். அவசரமென்றால் தெக்கெக்கில் கிளினிக் இருக்கிறது, படகில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவனாகவே சொன்னான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாடைக் கடல், பெரும்பாலான விடுதிகள் மூடிவிடும், பெர்ரி குறைந்துவிடும். அந்த மாதங்களில் ஜொகூர் பாருவில் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறானாம். பயிற்சி பெற்ற முக்குளிப்பாளர்கள் சிலர் இங்கிருந்து வடக்கே, 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தான் கடலில் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைப் பார்க்கப் போவார்கள் என்றான். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ். அம்மா கப்பலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த சண்டையிலதான் எங்க பெரியப்பாவ சயாமுக்கு ரயில் போட இழுத்துட்டுப் போனாங்க. வரவேயில்ல" என்றார். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் வீட்டிலும் ஒருவர் அப்படிப் போனதாகச் சொன்னான். ஜொகூர் தோட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தால் பாதி வீட்டில் இப்படி ஒரு பெயர் வரும்.

நான்கு மணிக்கு மேல் பெர்ரி வந்தது. நீலப் பை முதல் ஆளாக இறங்கியது. மாத்திரை, துணி எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி. புளிச்சோற்றுத் தூக்கை மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டியிருந்தார்கள். பாயா துறைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒரு மக்சிக் (மலாய் அம்மா), இரவெல்லாம் கெட்டுப்போகுமே என்று தன் குளிர்பெட்டியில் வைத்திருந்தாராம். சோறு ஜில்லென்று நன்றாகவே இருந்தது. அதன் மேல் தட்டில் வாழையிலை விரித்து நான்கு கரிபாப், உள்ளே கறி வைத்துப் பொரித்த பலகாரம். சித்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனத்த வெறுமனே குடுக்கக் கூடாதுன்னு அவங்களுக்கும் இருக்குல்ல." கிழங்குக் கரிபாப்தான், ஆனால் மேலே ஒரு துண்டு மத்தி மீன் வாசனை. ஆகவே நான்கையும் நானே சாப்பிட வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 26, சனி: தெக்கெக்

மதியப் பெர்ரியில் சாலாங்கிலிருந்து தெக்கெக் வந்து இறங்கினோம். ஆளுக்குப் பத்து வெள்ளி. தெக்கெக்தான் தீவின் தலைநகர் மாதிரி: காவல் நிலையம், பள்ளிக்கூடம், ஒரு சின்ன விமான ஓடுபாதை, வரியில்லாக் கடைகள். சாக்லெட்டும் பீரும் மலிவு, தக்காளியும் வெங்காயமும் விலை அதிகம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, அம்மாவுக்கு இல்லை.

துறையில் சரக்குப் படகு ஒன்று மெர்சிங்கிலிருந்து வந்து நின்றது. எரிவாயு உருளை, அரிசி மூட்டை, சிமெண்டு, ஒரு துணி துவைக்கும் இயந்திரம். ஊர்ச் சனம் தள்ளுவண்டியோடு வந்து அவரவர் பொருளைப் பார்த்து எடுத்துக்கொண்டது. அம்மா சுவரில் உட்கார்ந்து கடைசி மூட்டை இறங்கும் வரைக்கும் பார்த்தார். அம்மாவின் சிறு வயதில் தோட்டத்துக் கடைக்கு வாரம் ஒரு லோரி வரும். மழையில் மண்பாதை போய்விட்டால் அந்த வாரம் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கக் கருவாடும் மரவள்ளிக்கிழங்கும்தான். "லோரி வரலன்னா இப்படித்தான் வெளிய ஒக்காந்து பாத்துட்டே இருப்போம்" என்றார். நான் பிறந்தபோது தார்ச் சாலை வந்துவிட்டது. எனக்கு அந்தக் காத்திருப்பு தெரியாது. மெர்சிங் துறையில் பத்தரைப் படகு ஒன்றரைக்குப் போனபோது நான் மட்டும் ஏன் குதித்தேன், இவர்கள் இருவரும் ஏன் குதிக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

இந்தத் தீவுக்கு வந்து நின்று போனவர்கள் கணக்கு மிகப் பழையது. கி.பி. 851-ஐ ஒட்டிய அரபுக் கடல்வழிக் குறிப்பு ஒன்று, கலாஹ் துறையிலிருந்து பத்து நாள் ஓடினால் தியூமா, வேண்டியவர்களுக்கு அங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்கிறது. கலாஹ் என்பது நம் கடாரம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. குடிதண்ணீருக்காகக் கப்பல்கள் ஒதுங்கிய தீவில் இன்று போத்தல் தண்ணீர் மூன்று வெள்ளி. இதைச் சித்தியிடம் சொன்னேன். பைப்பில் பிடித்துக் காய்ச்சிக் குடித்தால் ஆகாதா என்று கேட்டுவிட்டு, விடுதிக்காரரிடம் கெண்டி வாங்கி அதையே செய்தார்.

இரவு இக்கான் பாக்கார், சுட்ட மீன். கெம்போங் மீன், மூன்று பேருக்கு நாற்பத்திரண்டு வெள்ளி. சம்பலில் புளி சரியாக விழுந்திருந்தது. இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதில் இதுதான் முதலிடம், எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு: ஜுவாரா, பிறகு வீடு

காலையில் நான்கு சக்கர வண்டியில் மலையைத் தாண்டிக் கிழக்கே ஜுவாரா. ஆளுக்கு முப்பத்தைந்து வெள்ளி கேட்டார்கள். சிமெண்டுப் பாதை செங்குத்தாக ஏறுகிறது, இறங்குகிறது. அந்தக் காசு வண்டியின் பிரேக்குக்குத்தான் என்று கொடுத்துவிட்டேன். ஜுவாராவுக்கு வழக்கமான பெர்ரி கிடையாது, அதனால் கூட்டமும் கிடையாது. அகலமான மணல். ஆமை முட்டைகளைப் புதைத்துக் காக்கும் ஓர் இடமும் அங்கே இருக்கிறது. அமாவாசை என்று அம்மாவும் சித்தியும் கால் நனைத்து, அப்பாவை நினைத்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். எள்ளை ரெங்கத்திலிருந்தே முடிந்து கொண்டுவந்திருக்கிறார்கள், எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு மணிப் பெர்ரி இரண்டே முக்காலுக்கு வந்தது. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. சித்தி மடியில் ஒரு பெரிய சாக்லெட் டப்பா, முந்தின நாள் தெக்கெக்கில் வாங்கியது, பாயா மக்சிக்குக்கு. பாயாவில் படகு நின்றதும் நான் கையை ஆட்டினேன். கடை மூடியிருந்தது. ஏதோ கல்யாண வீட்டுக்குப் போய்விட்டாராம். படகு நிற்பதோ இரண்டு நிமிடம். மூட்டை இறக்கிய பையனிடம் டப்பாவைக் கொடுத்து யாருக்கு என்று சொன்னேன். அவன் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினான். படகு கிளம்பியது.

"அவன் தின்னுருவான்டா."

"தின்னமாட்டான் சித்தி."

"மூஞ்சியப் பாத்தா தெரியல?"

கெந்திங் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அலை எழும்பி முன் கண்ணாடியில் அடித்தது. அம்மா இம்முறை உயிர்காப்புச் சட்டையைத் தானே கட்டிக்கொண்டு, பக்கத்தில் அழுத ஒரு குழந்தைக்கும் கட்டிவிட்டார். கோடாலித் தைலம் தீர்ந்துபோயிருந்தது. பின்வரிசையில் ஓர் இளைஞன் வாந்தி எடுக்க, அவன் தாய் எங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மெர்சிங் முகத்துவாரத்துக்கு வெளியே படகு நின்றுவிட்டது. தண்ணீர் இன்னும் போதவில்லை. இயந்திரம் உறுமிக்கொண்டிருக்க, கரையில் இருக்கும் கடைப் பெயர்ப் பலகைகளைப் படிக்கிற தூரத்தில், அரை மணி நேரம் அப்படியே ஆடிக்கொண்டு கிடந்தோம். யாரும் எழுந்து நிற்கவில்லை, யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மலாய்க்காரர் மீதி இருந்த குவாச்சியை, கொறிக்கும் விதையை, எங்கள் பக்கம் நீட்டினார்.

கரை ஏறியதும் அம்மா நேராகக் கருவாட்டுக் கடைக்கு நடந்தார். பூட்டியாயிற்று. காஹாங்கில் வறுத்த நூடுல்ஸ் மீ கோரேங், தட்டு ஏழு வெள்ளி, பொட்டலமாகக் கட்டிக்கொண்டோம். வண்டியில் சித்தி நாள்காட்டியைப் புரட்டி, தீபாவளி கழிந்த கையோடு மறுபடி போகலாம் என்றார். அப்போது கடல் விடாது என்றேன். அப்படியென்றால் மாசி அமாவாசைக்குப் பிறகு என்று பேனாவால் வட்டம் போட்டார். அந்தத் தேதிக்கு நீர் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று என்னைப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார். பாயாவில் இறங்கி அந்த டப்பா போய்ச் சேர்ந்ததா என்று கேட்டே ஆக வேண்டுமாம்.